கூரைச் சூடு யார் பொறுப்பு?

கடலூர் மாவட்டத்துத் தாழ்ந்த வீடுகளில் வெப்பம் பெரும்பாலும் தலைக்கு மேலிருந்தே இறங்குகிறது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிக்கொண்டு இரவில் வீட்டுக்குள் விடும். கீற்றுக் கூரை அப்படிச் சுடாது. ஆனால் தீக்கும் புயலுக்கும் நிற்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது குடிசைகள்தாம் முதலில் போயின. ஆகவே குடிசைக்குப் பதில் தளம் போட்ட வீடு என்ற அரசின் முடிவில் தவறில்லை. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், அடுத்து வந்த ஆட்சியில் பசுமை வீடுகள், 2024இல் கலைஞரின் கனவு இல்லம் எனப் பெயர்கள் மாறின, தளம் மாறவில்லை.

தளச் சூட்டைத் தணிக்கும் வழி புதிதல்ல. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடுகளைப் பதிப்பது பழைய கொத்தனார்கள் அறிந்த வேலை. வெறும் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே சில டிகிரி குறையும். ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கரைத்துவிடும் என்பதால் கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும்.

இதற்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவது நியாயமா, நியாயமென்றால் முதலில் யாருக்கு என்பதே கேள்வி. ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம் மின்சேமிப்பு. இந்த மாவட்டத்தில் அது வெறும் கணக்கல்ல. நெய்வேலியில் மின்சாரத்துக்காகப் பழுப்பு நிலக்கரி எரிகிறது. அதற்கு நிலம் வேண்டும். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலிலேயே இயந்திரங்கள் இறங்கின. முன்பே கையகப்படுத்திய நிலம் என்பது சுரங்க நிறுவனத்தின் பதில். எப்படியாயினும், வீணாகும் மின்சாரத்தின் விலையில் ஒரு பங்கை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

ஆனால் சேமிக்கும் யூனிட்டை மட்டும் அளவுகோலாக வைத்தால் உதவி ஏசி ஓடும் வீட்டுக்கே போகும். மிச்சம் பிடிக்க நிறைய இருப்பது அங்கேதான். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் மூன்று கிலோவாட் கூரைச் சூரிய மின்தகட்டுக்கு ரூ.78,000 மானியம் தருகிறது. சொந்தக் கூரையும், மீதித் தொகைக்குக் கைப்பணமோ வங்கிக் கடனோ உள்ளவருக்கே அது எட்டும். ஒற்றை மின்விசிறி ஓடும் வீடோ இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசத்துக்குள் அடங்கிவிடலாம். அங்கே கூரை குளிர்ந்தால் கட்டணம் குறையாது; கைக்குழந்தையும் முதியவரும் தூங்குவார்கள். மின்வாரியக் கணக்கில் ஏறாததாலேயே இந்தப் பயனைச் சிறிதென்று தள்ளுவது அநீதி.

தகட்டு மானியத்தை நிறுத்த வேண்டியதில்லை. வசதியுள்ளவருக்கு அது ஓர் ஊக்கம். அரசே அளவும் பொருளும் வகுத்துக் கட்டச் சொன்ன வீட்டின் சூட்டைத் தணிப்பது வேறு வகை; தொடங்கிய வேலையின் பாக்கி அது. தெலங்கானா தனது 2023 குளிர்கூரைக் கொள்கையில் அரசு வீட்டுத் திட்டங்களையும் சேர்த்தது. இங்கும் முதல் பணம் அந்தத் தளங்களுக்கே போக வேண்டும்.

வாடகைக்காரர் நிலை இன்னும் சிக்கலானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உள்ள சிதம்பரத்தில் மொட்டை மாடியை ஒட்டிய அறைகளில் வாடகைக்கு இருப்போர் உண்டு. வேர்ப்பது அவர்களுக்கு, கூரையும் மானியமும் வீட்டுக்காரருக்கு. மானியம் வாங்கிய உரிமையாளர் சில ஆண்டுகளுக்கு அதைக் காரணம் காட்டி வாடகையை ஏற்றக்கூடாது என்ற நிபந்தனையாவது வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாத வாடகைகளில் அதை அமல்படுத்துவது கடினம்தான்.