முத்திரையும் மனிதனும்

பாவம் செய்தவர் மீது சமுதாயம் இடும் முத்திரை நிரந்தரமானதா? நதானியேல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவல் எழுப்பும் கேள்வி இது. முறைகேடான உறவுக்குத் தண்டனையாக, பியூரிட்டன் சமுதாயம் ஹெஸ்டரின் மார்பில் செந்நிற எழுத்தை அணிவித்தது. அவளோ தன் தொண்டினால் அதன் பொருளையே மாற்றினாள். தன் பங்கை மறைத்த போதகரை மனச்சாட்சி அரித்தது.

அந்தமானிலும் ஆங்கிலேயர் ஆட்சியில் கைதிகள் எண் பொறித்த வில்லையைக் கழுத்தில் அணிந்தனர். அத்தீவுகளே ‘காலாபானி’ என்று அஞ்சப்பட்டன. ஆயினும் 1950களில், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் வடக்கு அந்தமானின் திக்லிபூரில் காடு திருத்தி வயல் கண்டனர். அஞ்சிய மண்ணே அடைக்கலமாயிற்று.

குற்றத்தைக் கண்டிப்பது நீதி. திருந்தி வாழ்பவரையும் அக்குற்றத்தின் பெயராலேயே அழைப்பது நீதியாகுமா? மண்ணுக்குக் கிட்டிய மறுவாழ்வு மனிதனுக்கும் கிட்ட வேண்டாமா?