கண்டதெல்லாம் கூறலாமோ?

அறம் விரும்பும் அன்பர்கள் முன் ஒரு வினாவை வைக்க விழைகிறேன். பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை ஒன்று அடைகாப்பதை ஒருவர் காண்கிறார். படம் எடுத்து, ஊரையும் குன்றையும் குறிப்பிட்டு, பறவை நோக்கும் நண்பர் அனைவருக்கும் அறிவிக்கிறார். அவர் கூறியதில் பொய் ஏதுமில்லை. ஆயின் அவர் சத்தியாணுவிரதத்தைக் காத்தவர் ஆவாரா?

உயிரைக் கொல்லாது, கூண்டில் அடைக்காது, கண்ணால் மட்டுமே கண்டு மகிழும் பறவை நோக்கல் சமணர்க்கு மிகவும் ஏற்ற பொழுதுபோக்கு. நம் இளைஞர் அதில் ஈடுபடுவது மகிழ்ச்சி தருகிறது. எனினும், கண்டதை நொடியில் பலருக்கு அனுப்பும் கைப்பேசியும் அவர்கள் கையில் இருக்கிறது.

ஆந்தையை எடுத்துக்கொண்டது காரணம் பற்றியே. இந்தியாவில் ஆந்தைகள் மாந்திரீகத்திற்காகப் பிடிக்கப்பட்டு விற்கப்படுவதை டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010-இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும் அவ்வணிகம் நிற்கவில்லை. அது மிகுவதோ தீபாவளியை ஒட்டிய நாட்களில். பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாளென்று நாம் விளக்கேற்றும் அதே தீபாவளி! கொம்பன் ஆந்தை கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலோ வெறுந்தரையிலோ முட்டையிடும். இடம் தெரிந்தவனுக்கு அதைப் பிடிப்பது அரிதன்று.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வாய்மை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். மறைவில் நிகழ்வதை வெளிப்படுத்தல் அவற்றுள் ஒன்று; பொய்யாவணம் எழுதுதல் மற்றொன்று; முகக்குறி மெய்க்குறிகளால் பிறர் உள்ளக் கருத்தை ஊகித்து வெளியிடுதல் இன்னொன்று. இவை மக்களைக் கருதிச் சொல்லப்பட்டவை என்பதை அறிவேன். ஆயினும் கூடு எவ்வாறு கண்டுபிடிக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தாய்ப்பறவை இரையுடன் பறந்து செல்லும் திசை, ஆள் நெருங்கும்போது அது கொள்ளும் பதற்றம் ஆகிய மெய்க்குறிகளைக் கொண்டல்லவா நாம் ஊகிக்கிறோம்? தன் குஞ்சின் பொருட்டு அஞ்சும் ஓர் உயிரின் கருத்தை அறிந்து ஊரறியச் சொல்வது அவ்விலக்கணத்துள் அடங்காதா? தரையில் முட்டையிடும் ஆட்காட்டி, நம் வரவைக் கூவி அறிவிப்பதால் அப்பெயர் பெற்றது. அது நம்மைக் காட்டிக் கொடுப்பதால் நமக்கு இழப்பொன்றுமில்லை. நாம் அதனைக் காட்டிக் கொடுத்தால் அதன் குலமே அழியக்கூடும்.

சமந்தபத்திர ஆசாரியரும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், கேடு பயக்கும் உண்மையைச் சொல்லாமையை இல்லறத்தாரின் வாய்மைக்குள்ளேயே வைத்தார்.

அவ்வாறாயின் இடத்தை மாற்றிச் சொல்லிவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு கேட்போர் உண்டு. கூடாது, அது பொய்யாவணம். மத்திய இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தை 1884-க்குப் பின் எவர் கண்ணிலும் படாதிருந்தது. ரிச்சர்ட் மைனர்ட்சாகன் என்னும் ஆங்கிலேயர், 1914-இல் குஜராத்தில் ஒன்றைப் பெற்றதாகப் பதிவு செய்திருந்தார். உண்மையில் அது அருங்காட்சியகத்திலிருந்து திருடிய பழைய பறவையின் பாடத்திற்கு ஒட்டிய புதுச் சீட்டு! அப்பதிவை ஒதுக்கிவிட்டு, மெய்யான பழங்குறிப்புகளின் வழியே சென்ற பமீலா ராஸ்முசென் குழுவினர் 1997-இல் மகாராட்டிரத்தில் அப்பறவையை மீண்டும் கண்டனர். ஓர் உயிரினம் வாழ்கிறதா மறைந்ததா என்னும் அறிவையே ஒரு பொய்ச்சீட்டு குழப்பியது.

ஆகவே பறவையின் பெயரும் மாவட்டமும் கூறி, இடத்தைக் கூறாது விடுவதே தக்கது. ஈபேர்ட் என்னும் உலகப் பறவைப் பதிவேடும் ஆபத்துக்குள்ளான சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுப்பார்வையில் மறைத்தே வைக்கிறது. வற்புறுத்திக் கேட்போரிடம் "சொல்வதற்கில்லை" என்று வெளிப்படையாகக் கூறலாம். அதில் நாணம் எதற்கு? சொல்லத் தூண்டுவது பெரும்பாலும் "முதலில் கண்டவன் நான்" என்னும் மானக் கஷாயமே. அதைக் குறைத்துக்கொள்ள இஃதொரு நல்ல பயிற்சிக்களம்.

எவரிடமும் சொல்லாதிருத்தலும் எப்போதும் அறமாகாது. ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில், 1900-க்குப் பின் காணப்படாத ஜெர்டன் கல்குருவி 1986-இல் மீண்டும் கண்டறியப்பட்டது. செய்தி உரியவர்களைச் சேர்ந்தமையால் அதன் வாழிடம் சரணாலயமாயிற்று. அவ்வழியே வரவிருந்த கால்வாயும் திசை மாற்றப்பட்டது. நம்மூர்க் குன்றில் கல்லுடைக்க ஏலம் வருமானால், அங்கே ஆந்தை வாழ்வதை வன அலுவலரிடம் சொல்லாமல் மறைப்பவர் அதன் கேட்டுக்கு உடந்தையாவார். கேட்பவர் யார், அவர் கையில் அச்சொல் என்னவாகும் என்று எண்ணிய பின்பே வாய் திறக்க வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அவ்வூரில் கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்று கேட்டால் சிறுவரும் கைநீட்டிக் காட்டுவர். தாராளமாகக் காட்டட்டும்.