அங்கயே இருக்கட்டும்

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம். அங்கன்வாடி அக்காதான் எங்கள் வாக்குச்சாவடிக்கு பி.எல்.ஓ. அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமியாரின் அட்டையில் பிழை திருத்தத் துணைக்கு வந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். பெயர் இன்னும் பிறந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. முகவரி மாற்றத்துக்கான படிவம் 8-ஐ எடுத்து நீட்டினேன்.

"வேணாங்க்கா, அங்கயே இருக்கட்டும்."

சட்டம் தெரிந்த தெம்பில் நான் விடவில்லை. வழக்கமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும், சரிபார்க்க வரும்போது ஆள் இல்லையென்றால் அங்கே நீக்கிவிடுவார்கள் என்றேன். மாமியார் தள்ளிப் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஓட்டுப் போடணும்னாத்தான் அம்மா வீட்டுக்கு விடுவாங்கக்கா."

படிவத்தை வைத்துவிட்டேன். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. பதிவை எளிதாக்குவது நல்லது என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. யாருக்கு எளிதாக்குகிறோம் என்று கேட்டுப் பார்த்ததும் இல்லை.

இந்தக் கேள்வி முதல் தேர்தலிலேயே வந்துவிட்டது. 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற பகுதிகளில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஏற்க மறுத்தார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. மாணவியாக இதைப் படித்தபோது சென் பக்கம்தான் நின்றேன். பெயரில்லாமல் என்ன குடியுரிமை? இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் முன்பிருந்த நிம்மதி இல்லை. பெயர் சொல்லக் கூடாதென்று கட்டிப்போட்டவர்கள் வாக்களித்தார்கள். கட்டுண்டவள் வாக்கை இழந்தாள்.

நம் சட்டம் பெண்ணை வீட்டோடு சேர்த்தே பார்த்துப் பழகியது. ராணுவத்தில் இருக்கும் ஆணின் மனைவி அவரோடு சேவை வாக்காளராகப் பதியலாம். ராணுவத்தில் இருக்கும் பெண்ணின் கணவர் பதிய முடியாது. 2021-இல் திருத்தம் கொண்டுவந்துதான் 'மனைவி' என்ற சொல்லை எடுத்தார்கள். படிவம் 6-இல் உறவினர் பெயருக்கு அம்மா பெயரையும் எழுதலாம். முகாமில் நான் கேட்டவரை, கல்யாணமான பெண் அப்படி எழுதச் சொன்னதில்லை. கூட வந்தவரே கணவர் பெயரைச் சொல்லிவிடுவார், நானும் எழுதிவிடுவேன்.

அமெரிக்காவைப் போலத் தேர்தலுக்குப் பல நாள் முன்பே யார் வேண்டுமானாலும் போய் வாக்களிக்கும் வசதி இங்கே கிடையாது. அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது வீட்டிலிருந்தே போடும் தபால் வாக்கு. 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது தாண்டியவர்களுக்கும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்களுக்கும் அது உண்டு. படிவம் 12டி வீடு தேடி வரும். பக்கத்துத் தெரு ஆத்தாவுக்கு அதை அங்கன்வாடி அக்காவோடு கொண்டுபோனவள் நான்தான். அவருக்கு 87 வயது. "அம்மாவால நடக்க முடியாது, வாங்கிக்குங்க" என்றார் மகன். ஆத்தா கைநாட்டு வைத்தார். நல்ல காரியம் செய்த மகிழ்ச்சியோடு வந்தேன்.

ஏப்ரல் 19-க்குச் சில நாள் முன்பு குழு வந்து வாக்கை வாங்கிப் போனது. யாருக்குப் போட்டோம் என்பது வெளியே தெரியக் கூடாது என்பதுதான் விதி, வீடியோகூட எடுக்கிறார்கள். ஆனால் அது மகனுடைய வீட்டுக் கூடம். அலுவலர்கள் வாசலோடு போய்விடுவார்கள், ஆத்தா அங்கேயேதான் இருக்க வேண்டும். "பெரியவன் பக்கத்துலயே நின்னான். நான் எங்க குத்துவேன்?" என்றார் பிறகு. வாக்குப்பதிவு நாளன்று சாவடிக்குப் போகக் கிளம்பியவரை, தபால் வாக்குக்குப் பதிந்தாகிவிட்டதால் இனி அங்கே போட முடியாது என்று நான்தான் தடுக்க வேண்டியிருந்தது.

சாவடியில் இருப்பது மூன்று பக்கம் மறைத்த ஓர் அட்டைதான். அதற்குப் பின்னே கழியும் அரை நிமிடத்தைப்போல, யாரும் எட்டிப் பார்க்காத நேரம் எத்தனை பெண்களுக்கு வாய்க்கிறது? வீட்டு வாக்கை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படுக்கையோடு இருப்பவளுக்கு அதுவும் இல்லையென்றால் எதுவுமே இல்லை. ஆனால் மகனிடம் கேட்காமல் ஆத்தாவிடம் கேட்டிருக்கலாம். படிவத்தோடு, சாவடி வரை ஒரு ஆட்டோவும் சக்கர நாற்காலியும் ஏற்பாடு செய்ய முடியும் என்பதையும் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

போன வாரம் தெருவில் பார்த்தபோது ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாட்டி அந்தத் தாளக் கொண்டாந்துறாத கண்ணு. ஊர்ந்தாச்சும் வந்துருவேன்."