காம்பைக் காக்கத் தெரிந்த கை

எழுந்திரு தம்பி! கொட்டகை மூலையில் கிடக்கிற கோடாரியை வெளிச்சத்துக்குக் கொண்டு வா. இரும்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் காம்பை மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவு. சிலாம்பு குத்துகிறதா? மரம் சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருக்கிறதா? இரும்புக்குப் பக்கத்தில் மயிரிழை போல வெடிப்பு ஓடுகிறதா?

ஓங்கும்போது இரும்பு கழன்று பறந்துவிடுமோ என்று அஞ்சுகிற கை பாதி பலத்தில்தான் வெட்டும். அசையாது என்று தெரிந்த கைக்குத்தான் முழு வீச்சு வரும். அந்தத் துணிவை உனக்கு யாரும் ஊட்டிவிட முடியாது. உன் கருவியை நீயே பழுது பார்த்து, நீயே சோதித்து அறிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். ஒரு மாலையைக் கொடுக்க மாட்டாயா?

காம்பு ஆடினால் இரவெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்களே, அந்தப் பழக்கத்தை இன்றோடு விடு! ஊறிய மரம் உப்பும், மறுநாள் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் சுற்றிலும் இரும்பு நெருக்குவதால் உப்பிய நார்கள் வெளியே விரிய வழியில்லாமல் நசுங்கிவிடுகின்றன. காய்ந்ததும் காம்பு முன்பைவிட இளைத்துப்போகும். இன்றைய பிடிப்புக்காக நாளைய பிடிப்பை விற்கிறாய். பக்கத்தில் நிற்பவனின் மண்டையையும் பணயம் வைக்கிறாய்.

மரத்துக்கு வேண்டியது எண்ணெய். ஆனால் சமையலறை எண்ணெய் வேண்டாம். தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் மரத்துக்குள் எண்ணெயாகவே கிடக்கும், இறுகாது. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே கெட்டிப்படும். ஹார்டுவேர் கடையில் லின்சீட் ஆயில் என்று கேள். முதலில் காம்பிலுள்ள அழுக்கையும் பழைய வார்னிஷையும் உடைந்த கண்ணாடிச் சில்லால் கவனமாகச் சுரண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய். துணியில் எண்ணெயைத் தொட்டு மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடு. அது காய நாளாகும். பொறுத்திருந்து மறுபடி பூசு, காய்ந்தபின் இன்னொரு முறை பூசு. காம்பின் இரண்டு முனைகளையும் மறக்காதே. மரம் ஈரத்தை இழுப்பதும் விடுவதும் அங்கேதான் அதிகம், எண்ணெயையும் அங்கேதான் அதிகம் குடிக்கும்.

ஒரு எச்சரிக்கை, விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றலாம். விரித்துக் காயப்போடு, அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்து. கொட்டகையையே எரித்துவிட்டுக் காம்பைக் காப்பாற்றி என்ன பயன்?

காம்பு வெடித்தே போனதா? கவலைப்படாதே, புதிதாகப் போடலாம். கடையில் முதலில் கைக்கு வந்ததை வாங்கி வராதே. நாரைப் பார்! நார் காம்பின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். குறுக்கே சாய்ந்து விளிம்பில் முடிகிற இடத்தில்தான் அது முறியும். கணு உள்ளதை ஒதுக்கு. நம் ஊர்க் கருவேலம் போதும், வைரம் பாய்ந்த கட்டையாக இருக்கட்டும். பச்சை மரத்தை மாட்டாதே, காயக் காயச் சுருங்கி ஆடும். நிழலில் மாதக்கணக்கில் உலரவிடு.

1991-இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள்ளிருந்து ஒரு மனிதனின் உடல் வெளிப்பட்டது. ஓட்ஸி என்று பெயரிட்டார்கள். இறந்து 5,000 ஆண்டுகளுக்கு மேல். பக்கத்தில் செப்புக் கோடாரி, யூ மரக் காம்போடு முழுசாக! அந்தக் காம்பைச் செதுக்கியவன் கிளை பிரிகிற இடமாகப் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். கிளையின் வளைவோடு நாரும் வளைவதால் அந்த இடம் எளிதில் பிளக்காது. பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில் ஒரு மனிதன் மரத்தைப் பார்த்துப் பார்த்தே அதைக் கற்றிருக்கிறான். உனக்கும் கண் இருக்கிறது, கை இருக்கிறது. "எனக்கு வராது" என்று எந்த வாயால் சொல்கிறாய்?

மாட்டும் முறையையும் கேட்டுக்கொள். காம்பின் தலைப்பில் ரம்பத்தால் ஒரு பிளவு போட்டு, இரும்பை ஏற்று. பிறகு இரும்பு கீழே தொங்கும்படி காம்பை ஒரு கையால் அந்தரத்தில் பிடித்து, மேலே நிற்கும் அடிமுனையில் மரச்சுத்தியால் தட்டு. இரும்பு தன் கனத்தால் நின்றுவிடும், காம்பு அதற்குள் இறங்கும். முழுதும் இறங்கியதும் தட்டுகிற சத்தம் மாறும், காதுக்கே தெரியும். அப்புறம் பிளவில் காய்ந்த மர ஆப்பை வைத்து அடி. முதல் தடவை கோணலாகப் போகலாம். பிடுங்கு, மறுபடி செய்! ஆசாரியும் பிறக்கும்போதே ஆசாரி இல்லை.

கோடாரி முடிந்ததா? வெயிலும் ஈரத்தரையும் படாமல், கறையான் ஏறாமல் சுவரில் தொங்கவிடு. உட்காராதே, மண்வெட்டியை எடு. அதற்குப் பிறகு உளிகள், சுத்தியல். பக்கத்துத் தோட்டத்து அக்காவின் களைக்கொத்து ஆடுகிறது என்று நேற்றுச் சொன்னார்களே, அதையும் வாங்கி வந்து சரிசெய்து கொடு. கொடுக்கும்போது ஆப்பு அடிக்கும் விதத்தையும் காட்டிக்கொடு. அடுத்த முறை அவரே அடித்துக்கொள்ளட்டும்.