மழை இல்லாத நாளின் கழிவு

மழைப் பதிவுப் புத்தகத்தில் அந்த நாளுக்கு நேரே சுழியம் இருந்தது. கொழுந்துப் புத்தகத்தில் அதே நாளுக்கு, ஒவ்வொரு பெயருக்கும், ஒவ்வொரு நிறுவைக்கும் 2 கிலோ கழிவு. கினிகத்தேனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபிசில் இரண்டு புத்தகங்களும் ஒரே அலுமாரியில் இருந்தன. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. செக்ரோல் கட்டு வந்து சேரும்வரை கைக்கு அகப்பட்டதைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டம் முடித்துக் கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிலுநராகச் சேர்ந்திருக்கிறேன். புதியவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளப் பகுதியைத்தான் தருவார்கள். செக்ரோலில் சில பெயர்களைத் தெரிவுசெய்து, வேலைக்கு வந்த நாட்களைக் கூட்டி, கொழுந்துக் கிலோவோடு ஒப்பிட்டு, நாட்சம்பளத்தால் பெருக்க வேண்டும். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியென்றால் பச்சைப் பேனையால் ஒரு சரிக்குறி. பின்னேரம் ஸ்டோரில் தேயிலை மூட்டைகளை எண்ணுவோம், இரவில் வேலைத்தாள்களை எழுதுவோம். அன்றும் அப்படித்தான். எல்லாச் சரிக்குறியும் விழுந்தது. ஒரு சதம் பிசகவில்லை.

இந்தப் பக்கத்துக்கு மழை புதிதல்ல. அருகில் உள்ள வட்டவளை இலங்கையிலேயே அதிகம் நனைகிற இடங்களில் ஒன்று, ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் அளவில் பெய்யும். வைகாசியில் பிடித்தால் புரட்டாதிவரை கொழுந்து காய்ந்து, நிறுக்கும் மடுவத்துக்கு வராது. தண்ணீரை நிறுத்துச் சம்பளம் கொடுக்க முடியாது, அதற்குத்தான் கழிவு என்பது நியாயம்தான். ஆனால் நான் பார்த்தது மாசி மாதத்துப் பக்கம்.

“மழை இல்லாட்டியும் பனி இருக்குத்தானே, மிஸ்” என்றார் கிளாக்கர். சாக்கின் நிறையும் அதற்குள் அடக்கம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், சொன்னதிலும் உண்மை இருக்கிறது. மழைமானிக்குள் பனி விழுந்து நிறைவதில்லை. காலை நிறுவைக்கு அந்தப் பதில் போதும். பகல் வெயிலில் எடுத்த கொழுந்துக்கு? மாலை நிறுவைக்கு? மூன்றிலும் அதே 2.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். சாக்கை இரண்டு தரம் உதறிவிட்டுத்தான் தராசில் கொழுவுவார். மாலையில் வந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே, அன்றைய கிலோவைச் சொல்வார். நான் என் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதிக்கொள்வேன். சம்பளத் துண்டு வந்ததும் கூட்டிப் பார்ப்போம். எப்போதும் சரியாக வரும். சரியாக வந்ததில் எனக்குப் பெருமை. கணக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசைகூட அந்தத் தாளில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன். அம்மா மட்டும் சில நாட்களில், “இன்னைக்குத் தலைக்குக் கூட இருந்திச்சு” என்பார். கூடைக் கயிறு அழுத்திய தலைக்குத் தெரிந்த அந்த நிறையை எழுத என் கொப்பியில் இடமிருக்கவில்லை. அவர் சொன்னதே கழித்த பிறகு கணக்கப்பிள்ளை வாசித்த எண். அது துண்டோடு பொருந்தாமல் எப்படிப் போகும்?

இன்று நான் செய்வதும் அதே வேலைதானோ என்ற எண்ணம் விடுவதாயில்லை. கொழுந்துப் புத்தகத்திலிருந்து செக்ரோல், செக்ரோலிலிருந்து சம்பளத் துண்டு, அங்கிருந்து சேமலாப நிதி. நான்கும் ஒத்துப்போகின்றன, ஏனென்றால் நான்கும் மடுவத்தில் எழுதிய ஒரே எண்ணிலிருந்து பிறந்தவை. 18 கிலோ எடுக்கவேண்டிய மலையில் 17 பதிந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற தோட்டங்கள் உண்டு. அரைப்பேரென்றால் சேமலாப நிதியும் பாதி. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது எங்கள் லயத்தில் எல்லோரும் பேசியது ரூபாயைப் பற்றி மட்டுமல்ல, எத்தனை கிலோவுக்கு அந்த ரூபாய் என்பதைப் பற்றியும்தான்.

பாடப்புத்தகத்தில் படித்த ஒரு வழக்கு பாதி நினைவாக வந்து நிற்கிறது. 1896, இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி ஆலை. முகாமையாளர் சரக்கின் பெறுமதியை ஆண்டாண்டாகக் கூட்டிக் காட்டியிருந்தார். கணக்காய்வாளர்கள் அவருடைய சான்றிதழை நம்பினார்கள். அவர்கள்மீது குற்றமில்லை என்று தீர்ப்பானது. கணக்காய்வாளர் காவல் நாயே தவிர மோப்ப நாயல்ல என்ற கருத்தை நீதிபதி லோப்ஸ் சொன்னது அந்த வழக்கில்தான். பிறகு 1938இல் அமெரிக்காவின் மெக்கெசன் அன்ட் ராபின்ஸ் கம்பனியில் இல்லாத சரக்கெல்லாம் ஏட்டில் இருந்தது வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் சரக்கை நேரில் போய்ப் பார்ப்பது கட்டாய வழக்கமாயிற்று. நான் ஸ்டோரில் மூட்டை எண்ணுவது அதன் தொடர்ச்சி. பங்குதாரர் ஏமாந்த இடங்களில் எங்கள் கண் திறந்திருக்கிறது. மடுவத்தில் பங்குதாரர் எதையும் இழப்பதில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவு கொழுந்து வேண்டும். கழிவு உண்மையான தண்ணீரைவிடக் கூடினால், ஏட்டில் உள்ள குறைந்த கொழுந்திலிருந்து கூடிய தேயிலை வந்ததாகத் தெரியும். தொழிற்சாலை திறமையாக நடப்பதாகத் தோன்றும். அந்தத் தோட்டத்தில் அப்படி நடந்தது என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

வேலைத்தாளின் அடியில் ஒரு குறிப்பு எழுதினேன். எங்கள் சீனியர் அதைப் பொறுமையாக வாசித்தார். வருமானத்தில் இத்தனை வீதம் என்று ஒரு பொருண்மை எல்லை வைத்திருக்கிறோம். இது அதற்கு வெகு கீழே. அதோடு, பதிந்த கிலோவுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று, ஆகவே நிதிக்கூற்றில் பிழையே இல்லை. “நீங்க பார்த்தது சரி. ஆனா இது நம்ம அறிக்கைக்குள்ள வராது” என்றார். அவர் சொன்னதை மறுக்க என்னால் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. ஒரு பெண்ணின் நாளில் பாதியைத் தீர்மானிக்கக்கூடிய எண் ஒரு கம்பனியின் கணக்கில் எதுவுமே இல்லாமல் போவது எப்படி என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே புள்ள கழிச்சாங்க” என்றார். “ஆளுக்கு ஆள் பார்த்துக் கழிச்சிருந்தா மடுவத்தில தினம் சண்டைதான். கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவங்களுக்குக் கொஞ்சமாவும், வேண்டாதவங்களுக்குக் கூடவும் போயிருக்கும்.” அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. மாறாத 2 அவருக்கு ஒரு பாதுகாப்பு. எனக்கு அதுவே சந்தேகத்தின் காரணம். அவர் அந்தத் தராசடியில் வாழ்நாளைக் கழித்தவர், நான் புத்தகத்தில் பார்த்தவள். யார் சொல்வதை எடுப்பது?

இந்த முறையும் அதே தோட்டம் எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. மாலை நிறுவையின்போது மடுவத்தில் நிற்க அனுமதி கேட்கலாம் என்றிருக்கிறேன். கொழுந்து காய்ந்திருப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டாலும், அதை யாருக்கு எழுதுவது, எழுதுவதால் அங்குள்ள பெண்களுக்கு நல்லது நடக்குமா, அல்லது ஒரே மாதிரி இருந்த கழிவு ஆளுக்கு ஆள் மாறத் தொடங்குமா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.