சரிபார்க்கிற கைக்குத் தோல்வி இல்லை!

ஒரு மட்டையும் ஒரு பந்தும் சேர்ந்து 110 ரூபாய். பந்தைவிட மட்டை 100 ரூபாய் அதிகம். பந்தின் விலை என்ன?

'பத்து ரூபாய்!' என்று மனசு முந்திக்கொள்கிறதா? அங்கேயே நில்! அந்த விடையைப் போட்டுப் பார். பந்து 10 என்றால், அதைவிட 100 அதிகமான மட்டை 110. இரண்டும் சேர்த்தால் 120. கணக்கு உதைக்கிறது! கூடுதலான அந்த 100-ஐ முதலில் ஒதுக்கி வை. மீதிப் 10 ரூபாயைச் சரிபாதியாகப் பிரி. பந்து 5, மட்டை 105. முடிந்தது!

இதற்கு மேதையாகப் பிறக்க வேண்டுமா? கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதுமே! பிறகு ஏன் "கணக்கு எனக்கு வராது" என்று உனக்கு நீயே தீர்ப்பு எழுதிக்கொள்கிறாய்?

அமெரிக்கப் பேராசிரியர் ஷேன் ஃபிரெடெரிக் இந்தக் கேள்வியோடு இன்னும் இரண்டைச் சேர்த்து 3,428 பேரிடம் கொடுத்தார். 2005-இல் முடிவுகளை வெளியிட்டார். மூன்றுக்கும் சரியான விடை எழுதியவர்கள் 17 சதவீதம்தான். உலகமே வியக்கும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஏதாவது ஒன்றில் சறுக்கினார்கள். முதலில் தோன்றும் விடை எவரையும் ஏமாற்றும். அதை நிறுத்தி விசாரிக்கிறவர்தான் ஜெயிக்கிறார்!

விசாரித்து அறிந்த விடைக்கு எவ்வளவு வலிமை தெரியுமா? 1990-இல் அமெரிக்காவின் 'பரேட்' இதழில், அதன் பத்தி எழுத்தாளர் மர்லின் வாஸ் சாவந்த் ஒரு புதிருக்கு விடை எழுதினார். ஒரு போட்டி நிகழ்ச்சியில் மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீ ஒரு கதவைத் தேர்ந்தெடுத்ததும், கார் இருக்கும் இடம் தெரிந்த நிகழ்ச்சி நடத்துபவர் வேறொரு கதவைத் திறந்து ஆட்டைக் காட்டுகிறார். உன் கதவை மாற்றலாமா? "மாற்றுங்கள்" என்றார் மர்லின். கடிதங்கள் ஏறக்குறைய பத்தாயிரம் குவிந்தன. பெரும்பாலானவை அவர் சொன்னது தவறென்று சாடின. முனைவர் பட்டம் பெற்றவர்களே ஆயிரம் பேர் அளவில் எழுதினார்கள். அவர் பின்வாங்கினாரா? இல்லை! "வகுப்பறைகளில் செய்து பாருங்கள்" என்றார். செய்து பார்த்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நீ முதலில் தொட்ட கதவின் பின்னால் மூன்றில் இரண்டு தடவை ஆடுதானே இருக்கும்? அப்போதெல்லாம் மாற்றினால் கார் உனக்குத்தான்!

பட்டமும் பதவியும் எதிரே வந்து நின்றாலும், சரிபார்த்த விடை தலைகுனியாது. தன்னம்பிக்கை என்பது அதுதான்! சத்தமாகச் சொல்வதில் அது இல்லை; சொன்னதைச் சோதிக்கத் துணிவதில் இருக்கிறது.

இதோ, ஃபிரெடெரிக்கின் கேள்விகளில் இன்னொன்று. 5 எந்திரங்கள் 5 நிமிடத்தில் 5 பொருள்கள் செய்கின்றன. 100 எந்திரங்கள் 100 பொருள்கள் செய்ய எத்தனை நிமிடம்? விடையை நான் சொல்லப்போவதில்லை. ஓர் எந்திரம் ஒரு பொருளுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார். பேனாவை எடு! நீயே போடு, நீயே சரிபார். உன்னைத் திருத்த இன்னொருவர் வர வேண்டியதில்லை!