சான்றில்லாச் சொல்லுக்குக் களஞ்சியத்தில் இடமா?

2005 மே மாதம், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகென்தாலரைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாப் பக்கத்தில் ஒரு பொய் ஏறியது. கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் அவருக்குப் பங்கு இருந்ததாகக் கருதப்பட்டதாம். உடன் வேலை பார்ப்பவரிடம் வேடிக்கை காட்டுவதற்காக ஒருவர் எழுதியது அது. பழி விழுந்தவரோ ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். அவருடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். சான்று ஒன்றுமின்றி நான்கு மாதத்துக்கு மேல் அந்தப் பழி ஊரறிய நின்றது.

அதே மாதத்தில் 'ஜாரெடோ வென்ஸ்' என்றோர் ஆஸ்திரேலியப் பழங்குடித் தெய்வமும் அங்கே பிறந்தது. அப்படியொரு தெய்வமே கிடையாது. மேற்கோளற்ற அந்தச் சிறு பதிவு 2015 மார்ச் வரை நீடித்தது. அதற்குள் ஓர் அச்சுப் புத்தகமும் அந்தப் பெயரை எடுத்தாண்டுவிட்டது. பொய் தனக்கான சான்றைத் தானே ஈன்றுகொள்ளும் விதம் இது.

இத்தகைய பதிவை வைத்துக்கொள்வதா, நீக்குவதா? தேடியும் சான்று கிடைக்காத பதிவை நீக்குவதே அறம். 'சான்று தேவை' என்று ஒரு சீட்டை ஒட்டி ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது நடுநிலை ஆகாது. சோம்பலுக்கு இட்ட நல்ல பெயர் அது.

யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்ப்பொருள் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் நெறி. ஆராயாமல் நம்புவது தீராத துன்பம் தரும் என்று 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் மறுபடியும் எச்சரிக்கிறார். அந்தத் துன்பத்தைச் சிலப்பதிகாரம் கண்முன் காட்டுகிறது. கோவலன்மேல் பொற்கொல்லன் சுமத்திய பழியும் மேற்கோளற்ற பதிவுதான், பாண்டியன் சரிபார்க்கவில்லை. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது சான்று கிடைத்தது. கோவலன்தான் இல்லை.

சான்று கேட்பது மேலைநாட்டார் கற்றுத்தந்த வழக்கமும் அன்று. தொல்காப்பியர் தம் நூற்பாக்கள் பலவற்றை 'என்ப', 'மொழிப' என்று முடித்து, முன்னோர் கருத்து இது என ஒப்புக்கொள்கிறார். இலக்கணம் வகுத்தவருக்கே இருந்த அடக்கம், ஒரு பொத்தானை அழுத்திப் பதிவேற்றுகிறவருக்கு வேண்டாமா? மேற்கோள் நூலைக் காப்பதும் உண்டு. தகடூர் யாத்திரை என்னும் பழைய நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் பாடல்கள் சிலவாவது எஞ்சியதற்குப் புறத்திரட்டு என்னும் தொகைநூலோடு உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களும் காரணம்.

அச்சேறாத நாட்டார் வழக்காறுகள் என்னாவது என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. 2018இல் இயற்பியல் நோபல் பெற்ற டோனா ஸ்டிரிக்லேண்டைப் பற்றிய விக்கிப்பீடியா வரைவுகூட, அதே ஆண்டு மே மாதம் சான்று போதாதென்று திருப்பப்பட்டது. அந்தக் குறைக்கு மருந்து, இன்னும் ஊன்றிச் சான்று தேடுவதுதான்.

ஆகவே எழுத அமர்கிறவர்கள் முதலில் நூலை எடுத்து வையுங்கள். பக்க எண்ணைக் குறியுங்கள். பிறகு எழுதுங்கள். குறிக்கப் பக்கம் இல்லையென்றால், அந்த வரியை எழுதாதிருப்பதும் தமிழுக்குச் செய்யும் தொண்டுதான்.